அக்கா படிக்காத நான்காம் பாகம்

அக்கா தட்டச்சு செய்தால் மூன்றாவது நகலில் எழுத்து விழாது. விசைகளை அவர் அடிக்க மாட்டார்; தொடுவார். மேல் தாளில் கடிதம் அழகாக இருக்கும். கார்பனுக்கு அடியில் இரண்டாவதில் மங்கலாக இருக்கும். கோப்பில் சேர வேண்டிய மூன்றாவதில் அங்கங்கே ஒரு புள்ளியும் ஒரு கோடும் மட்டும் இருக்கும். சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தின் பதிவறை என் பொறுப்பில் இருந்தது. மூன்றாவது நகல் எனக்குத்தான் வரும்.

"கொஞ்சம் அழுத்தி அடிங்கக்கா" என்று அவர் மேசைக்குப் போய் நிற்பேன்.

"மிஷினு பழசும்மா. பாவம், அதப் போயி அடின்றியே" என்பார்.

விழாத எழுத்துகளை அதிகாரியின் கையெழுத்து வரைவைப் பார்த்துப் பேனாவால் நிரப்புவது என் வேலையாயிற்று. அப்படி நிரப்பும்போதுதான் வரைவும் கடிதமும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் அலுவலகக் காவலர் ஒருவர் அடிக்கடி தாமதமாக வருவார். "இதுவே கடைசி எச்சரிக்கை. மீண்டும் தாமதமானால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அதிகாரி எழுதியிருந்தார். "இனி குறித்த நேரத்தில் வருவீர்கள் என நம்பப்படுகிறது" என்று அக்கா அடித்திருந்தார். அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"என்னாக்கா இது?"

"அவரு கோவத்துல எழுதிட்டாரு. நாளைக்கு அவரே வருத்தப்படுவாரு."

"கடைசி எச்சரிக்கைன்னு அந்த ஆளுக்குத் தெரிய வேணாமா?"

"அப்புடிப் போட்டா மனுஷனுக்குச் சோறு எறங்குமா, சொல்லு?"

நான் சிரித்தேன். இப்படி மூன்று கடிதங்கள் போயின. நான்காவதாக வந்தது தற்காலிகப் பணிநீக்க ஆணை. அது தலைமை அலுவலகத்தில் தட்டச்சாகி நேராக வந்தது. அக்காவின் கை அதில் படவில்லை. காவலர் பதிவறை வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்த கண்டிச்சிருந்தா நான் திருந்தியிருக்க மாட்டனா?" அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்கு இரண்டு இட்லி எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்தில் அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் வரும்: தங்கமானவர். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்காக என்மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

நாங்கள் ஐந்து பெண்கள். பதிவறையின் நீள மேசையில் சேர்ந்து சாப்பிடுவோம். அக்கா மட்டும் பன்னிரண்டே முக்காலுக்கே சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். ஒரு மணிக்கு நாங்கள் டப்பாவைத் திறக்கும்போது அவர் புத்தகத்தைத் திறப்பார். கீழ வீதிப் பக்கம் இருந்த வாடகை நூல் நிலையத்திலிருந்து எடுத்து வந்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருப்பார். நாங்கள் சாப்பிடச் சாப்பிட அவர் படித்துக் காட்டுவார். குரல் நன்றாக இருக்கும். கிழவருக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல். புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவருக்கும் எழுத்து தெரியாது. எங்களில் யாரும் அதை வாங்கிப் படித்ததில்லை. படித்துக் காட்ட ஆள் இருக்கும்போது யார் கண்ணை வலிக்க வைத்துக்கொள்வார்கள்?

"நேத்து எங்க விட்டோம்?" என்று அக்கா கேட்பார். நான் நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்வேன். அன்றன்று கேட்ட கதையை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைப்பது என் வழக்கம்.

பல கதைகள் படித்தோம். எங்களைப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'படகுக்காரர் கதை'. பாகம் பாகமாக, ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. ஓர் உப்பங்கழி. அதில் ஒரு கிழட்டுப் படகுக்காரர். அவர் படகில் ஏறி அக்கரைக்குப் போனால், கடந்துபோன ஏதாவது ஒரு மத்தியானத்தில் போய் இறங்கலாம். அங்கே இருப்பவர்களோடு பேசலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் நடந்தது எதுவும் மாறாது. நீர் வற்றுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதில் எந்திரம் கிடையாது, வில்லன் கிடையாது. போகிறார்கள், பார்க்கிறார்கள், திரும்புகிறார்கள், அவ்வளவுதான் கதை.

"எனக்கு ஒரு மத்தியானம் குடுத்தா, எங்க மாமியா பொண்ணு பாக்க வந்த அன்னிக்குப் போயி கதவச் சாத்திட்டு வந்துடுவேன்" என்றாள் தபால் பிரிவு செல்வி.

"சாத்த முடியாதுடி. எதுவும் மாறாதாம்."

"அப்ப காப்பில உப்பாச்சும் போட்டுட்டு வரேன்."

முதல் பாகம் நடந்துகொண்டிருந்த ஆண்டு 2005. எனக்கு அப்போது செல்போன் இல்லை. அலுவலகத் தொலைபேசி அக்காவின் மேசையை ஒட்டி இருந்தது. எங்களுக்கு வரும் செய்திகளை அவர்தான் கேட்டுச் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை. ஆள் போய்விட்டால் 'சீரியஸ்' என்பார்கள். சீரியஸாக இருந்தால் 'உடம்பு முடியல' என்பார்கள். கேட்பவர் தானாகவே ஒரு படி ஏற்றிப் புரிந்துகொள்வார். சொல்பவருக்கும் அது தெரியும். இந்த ஏற்பாட்டில் யாரும் ஏமாறுவதில்லை, நடுவில் இன்னொருவர் புகுந்து மேலும் ஒரு படி இறக்காத வரையில்.

அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா படித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது. புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஒங்கண்ணன்தாம்மா, கடலூர்லேருந்து. அப்பாவுக்குக் கொஞ்சம் இழுப்பாம். டாக்டர் பாத்துட்டாராம். ஆபீஸ் முடிச்சிட்டு சாயங்காலம் வந்தா போதுமாம்."

"அவசரமில்லயாமா?"

"ஒண்ணும் அவசரமில்லயாம். நீ சாப்புடு."

அப்பாவுக்கு மழைக்காலத்தில் மூச்சு இழுப்பு வரும். நான் வழக்கப்படி ஒரு படி ஏற்றிக்கொண்டேன்: இழுப்பு அதிகமாக இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் போனால் போதும்.

அக்கா புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அக்கரையில் தன் அப்பாவைப் பார்க்க ஒரு பெண் கரைக்கு ஓடி வருகிறாள். படகுக்காரர் அவளிடம், "மூச்சு வாங்கிக்கோ, அம்மா. அக்கரையில் இருப்பவர்கள் அவசரப்படுவதில்லை" என்கிறார். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கை கழுவியதும் நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு இட்டேன்.

ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்தேன். ஆறே முக்காலுக்கு எங்கள் தெருவில் திரும்பும்போதே வாசலில் பெஞ்சு போட்டிருப்பது தெரிந்தது. அப்பா மூன்று பத்துக்கே போய்விட்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "வந்துட்டியா?" என்றார். அவர் சொன்னபடிதானே வந்தேன், திடீரென்று ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். சாவு வீட்டில் யார் எதைக் கேட்பார்கள்?

முதலாமாண்டு நினைவுக்கு நான் நோட்டீஸ் அடித்தேன். அப்பாவின் படத்துக்குக் கீழே, 'அக்கரையில் இருப்பவர்கள் அவசரப்படுவதில்லை' என்று அந்த வரியைப் போட்டேன். அதில் ஒரு கட்டு அண்ணனுக்கு அனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்தது. அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒங்கண்ணன் இனிமே ஒன்கிட்ட பேச மாட்டாராம்மா. ஏன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு" என்றார். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நேரில் போனால் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அம்மா முன்பே போய்விட்டார். அண்ணன் பேசாவிட்டால் எனக்குக் கடலூரில் யாரும் இல்லை. ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமலே போயின.

அந்த நோட்டீஸை அக்காவிடமும் கொடுத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்ல வரியா பாத்துப் போட்டிருக்க" என்றார்.

அக்கா 2009இல் ஓய்வு பெற்றார். அதற்குள் மூன்று பாகங்கள் முடிந்திருந்தன. நான்காம் பாகம் 2011இல்தான் வந்தது. படித்துக் காட்ட ஆள் இல்லாததால் நானே வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை படிக்க உட்கார்ந்தேன்.

கதை இடித்தது. இரண்டாம் பாகத்தில் வெற்றிலைக்கடைக்காரர் தன் மனைவியோடு சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பினார் என்று என் நாட்குறிப்பு சொன்னது. நான்காம் பாகமோ, அவள் அவருக்கு முகம் கொடுக்காமலே போனதாகவும், அதை நினைத்து அவர் குடித்துக் கெட்டதாகவும் சொன்னது. இப்படி ஏழு இடங்கள். எழுதியவருக்கே தன் பழைய பாகங்கள் மறந்துவிட்டன என்று எனக்கு எரிச்சல் வந்தது. பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன்.

ஏழாவது இடம் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. படகுக்காரர் தன் முதல் பயணியை நினைத்துப் பார்க்கிறார். "அன்றைக்கு அந்தப் பெண்ணை நான் அவசரப்படுத்தினேன். அவசரப்படுத்தியதால்தான் அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்" என்கிறார். நான் மறுபடி படித்தேன். இது அப்பட்டமான தவறு என்று கடிதத்தில் எழுதினேன். பழைய பாகங்களின் பக்க எண்களைக் குறிப்பிட வேண்டும் என்பதற்காக, மறுநாள் அந்த நூல் நிலையத்துக்குப் போனேன்.

முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, நின்றபடியே அந்த இடத்தைத் தேடினேன். பெண் ஓடி வருகிறாள். படகுக்காரர் சொல்கிறார்: "அக்கரையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது குறைவு. செருப்பைக் கழற்ற வேண்டாம். அப்படியே ஏறு."

பக்கத்தின் மேலும் கீழும் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொள்ளச் சொல்லும் வரி எங்கும் இல்லை. அடுத்த பாகங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஏழு இடங்களிலும் அச்சு ஒன்று சொன்னது, அக்காவின் குரல் வேறொன்று சொல்லியிருந்தது.

"என்னா மேடம், கீழ ஒக்காந்துட்டீங்க? நாற்காலி போடவா?" என்று நூல் நிலையக்காரர் கேட்டது நினைவிருக்கிறது.

எனக்கு ஒரு மத்தியானம் கொடுத்தால் நான் வேறெங்கும் போக மாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பதிவறைக்குப் போய், மேசைமேல் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை நிமிர்த்தி, அந்தப் பக்கத்தைப் படிப்பேன். ஓடு என்றுதான் அதில் அச்சாகியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அக்கா என்னை உட்காரச் சொன்னார்.

புத்தகத்தில் அப்படி என்றால் தொலைபேசியில் எப்படி? அந்த வாரக் கடைசியில் 2005ஆம் ஆண்டின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு கடலூர் போனேன். அண்ணன் சட்டையைத் தேடி எழுந்தார். நான் வாசல் நிலையில் குறுக்காக நின்றேன்.

"இத மட்டும் படிங்கண்ணே. அப்பறம் நான் போயிடறேன்."

அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"கொஞ்சம் இழுப்பாம்... சாயங்காலம் வந்தா போதுமாம்... இதயா அந்தம்மா சொன்னாங்க?"

"ஆமா. அப்படியே எழுதி வெச்சிருக்கேன்."

"நான் என்னா சொன்னேன் தெரியுமா? மூச்சு நிக்கப் போவுது, எந்த பஸ்ஸு இருக்குதோ அதப் புடிச்சு வரச் சொல்லுங்கன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். இப்பவே அனுப்பறேன்னாங்க." அவர் குரல் உயர்ந்தது. "அப்பறம் அந்த நோட்டீஸு. அவசரப்படுவதில்லன்னு அச்சடிச்சு அனுப்பற. என்னயக் குத்திக் காட்டறேன்னு நெனச்சேன், பாப்பா."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அதைத் தொடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அப்பா ஒன்னதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. நீ கெளம்பிட்டேன்னு நான் நம்பிட்டேன். பஸ் ஏறிட்டாப்பான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எங்க வர்றான்னாரு. புதுச்சத்திரம் தாண்டிட்டான்னேன். அப்பறம் ஆலப்பாக்கம். நேரம் போவப் போவ எனக்கே பயம். செம்மங்குப்பம் வந்துட்டா, கெமிக்கல் கம்பெனி நாத்தம் தாங்காம மூக்கப் பொத்திக்கிட்டிருப்பான்னேன். அதுக்குச் சிரிக்கிற மாதிரி ஒதட்ட இழுத்தாரு. ஓ.டி. வந்துட்டா, இன்னும் பத்தே நிமிஷம்னேன். அப்பதான் போனாரு."

முதுநகரை எங்கள் ஊரில் ஓ.டி. என்போம். அங்கிருந்து வீடு பத்து நிமிடம். அப்பாவின் கணக்கில் நான் அங்கே வந்துவிட்டிருந்தேன். என் நாட்குறிப்பின்படி, மூன்று பத்துக்கு நான் பதிவறையில் பழைய கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு மணி முதல் ஐந்து மணி வரை பத்தடி தள்ளித்தான் இருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்து வந்து, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாளே அக்காவின் வீட்டுக்குப் போனேன். சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இளைச்சுப் போயிட்டியே" என்றார். அண்ணனின் தொலைபேசிச் செய்தியை ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று நான் உட்காராமலே கேட்டேன். எந்தச் செய்தி என்று அவர் கேட்கவில்லை.

"நீ அப்பதாம்மா டப்பாவத் தொறந்த. காலைலயும் சாப்புடலன்னு சொல்லிக்கிட்டிருந்த. ரெண்டு வாயி சாப்புடட்டும், அப்பறமா சொல்லலாம்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ செல்வியோட சிரிச்சிக்கிட்டிருந்த. எப்புடிச் சொல்றது? ரெண்டு மணிக்குச் சொன்னா, ஒரு மணிக்கே ஏன் சொல்லலன்னு கேப்பியே."

"அதனால சொல்லவே இல்ல."

"ஒனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதாம்மா."

"அந்த வரி புஸ்தகத்துல இல்லக்கா. நோட்டீஸ்ல பாத்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். எங்கண்ணன் என்கிட்ட அஞ்சு வருஷமாப் பேசல."

"பாவம், ஆசையா அடிச்சிருந்த" என்றார்.

அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஓர் ஊரைக்கூட விடவில்லை. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், செம்மங்குப்பம், அப்பா உதட்டை இழுத்தது, ஓ.டி. இதைக் கேட்டாவது அந்த முகத்தில் வலி தெரிய வேண்டும் என்று, மூன்றாவது நகல் வரை பதியும்படி, ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னேன்.

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"அப்ப ஒங்கப்பா, நீ வந்துக்கிட்டே இருக்கேன்னு நெனச்சித்தான் போயிருக்காரு" என்றார். "எவ்ளோ நல்ல விஷயம்! ஒங்கண்ணனும் பாரு, என்ன மாதிரியேதான் செஞ்சிருக்காரு."

"அவரு சொன்ன பொய்யில நான் வந்துக்கிட்டிருந்தேன்க்கா. நீங்க சொன்ன பொய்யில நான் ஒக்காந்துக்கிட்டிருந்தேன்."

அவருக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. காப்பி போட எழுந்தார். நான் செருப்பைத் தேடினேன். அவர் சந்து முனை வரை கூடவே வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டுல வண்டி ஜாஸ்திம்மா. பாத்து, மெதுவாப் போ."

கையை உதறிக்கொண்டு ஓடினேன். மேல வீதி நெடுக, நாற்பத்தாறு வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடினேன். அன்று எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.